உதவி என்று அடிக்கவும்

சந்தியாகுவின் எட்டு வயது மகள் ஸ்டெனிலாவுக்குப் பொருத்தியிருந்த செயற்கைக் காது காலையில் நின்றுபோனது. அதைச் செய்த கம்பெனியை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீட்டிலிருந்த பேசும் இயந்திரங்களோ, "இந்தக் கருவி எனக்குத் தெரியாது" என்று கைவிரித்தன.

கடைசியில் காதை ஒரு வயரால் கணினியோடு இணைத்தார். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. பேசியே வேலை வாங்கிப் பழகியவர், பேசுவது போலவே அடித்தார்: "ஐயா, பிள்ளைக்குக் காது கேக்கல, கொஞ்சம் பாருங்க."

"அப்படியொரு கட்டளை இல்லை" என்றது திரை.

கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். அதே பதில். நான்காவது முறைதான் அதற்குக் கீழே, முதலிலிருந்தே இருந்த வரி கண்ணில் பட்டது: "கட்டளைகளை அறிய 'உதவி' என்று அடிக்கவும்."

அடித்தார். காதுக்குள்ளேயே இத்தனை நாள் இருந்த குறிப்புகள் திரையில் விரிந்தன.

"மீள்தொடங்கு: நின்றுபோன காதை மறுபடி இயக்கும். எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம். அமைதிக்குப் பின் வரும் முதல் சத்தம் குழந்தைகளைத் திடுக்கிட வைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள்."

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித் தடித்த குரல் அவருடையது. கட்டளையை அடித்துவிட்டு மகளருகே உட்கார்ந்து, குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"ஸ்டெனி, அப்பா பேசுதது கேக்குதா?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"எதுக்குப்பா குசுகுசுன்னு பேசுதீங்க? யாரும் தூங்குதாங்களா?"