கேட்டில் நிற்காத கார்

தரையில் சொட்டிக் கிடந்த சிவப்பைப் பார்த்ததும் இசைவாணி அலறினாள். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தமில்ல தாயி! கார் கியர் ஆயில். அது செவப்பாத்தான் இருக்கும்" என்றபடி காருக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார் மெக்கானிக் மொக்கைச்சாமி.

அவள் அப்போதுதான் காரை நிமிர்ந்து பார்த்தாள். அவர்களுடைய கார்தான். ஓடிப்போய் பானட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"அவுக எங்க அண்ணாச்சி?"

"மதுரைக்குப் போயிருக்காப்ல. கியர்பாக்ஸ் சீல் கிழிஞ்சு ஆயிலு ஒழுகுது. இந்தப் பழைய வண்டிக்கு நம்ம சாத்தூர்ல சீல் கெடைக்காது. நாந்தான் காலைல எட்டரை பஸ்ஸுல ஏத்திவிட்டேன்."

"நெசமாவா? கம்பெனிக்குப் போகலையா?"

"என் கண்ணால பாத்தேன் தாயி. ஜன்னலோரமா உக்காந்து கையாட்டிட்டுப் போனாப்ல."

அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பதினோரு மணிக்கு வெடித்த சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்டிருந்தது. இசைவாணியின் கணவன் முத்துப்பாண்டி அங்கேதான் ஃபோர்மேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி விபத்தில் அவனுக்கு இடது கால் முடங்கிப்போனது. கிளட்ச் மிதிக்க முடியாது, பைக்கில் கியர் போட முடியாது. அதனால்தான் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப்பிடித்து வாங்கினான். அது இல்லாமல் அவன் வேலைக்குப் போனதே கிடையாது.

இந்தப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் சனங்கள் ஓடுவது கம்பெனி கேட்டுக்குத்தான். உள்ளே விட மாட்டார்கள். வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்துத்தான் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு வந்தவர்கள் அணைத்துக் கொடுத்த செல்போன்கள் வாச்மேன் ரூமில் இருக்கும். அது இன்றைக்குப் பூட்டிக் கிடந்தது.

"ரெண்டு தடவ சுத்திச் சுத்திப் பாத்தேன் அண்ணாச்சி. நம்ம கார் இல்ல. பக்கத்து வீட்டு முருகம்மா மதினி வீட்டுக்காரரு பைக்கு நின்னுச்சு. மதினி அதக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கதறுறாக. எனக்கு என்னன்னா, நம்ம கார் இல்லையேன்னு உள்ளுக்குள்ள சந்தோசம். நான் பாவி."

"அதுல என்ன தாயி பாவம்? யாரா இருந்தாலும் அப்படித்தான் தோணும்."

"போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னே வருது. அதான் கார் ரிப்பேராகி இங்கன நிக்குமோன்னு ஓடியாந்தேன்."

"பஸ்ஸுல பாட்டுக் கேட்டே சார்ஜைத் தீத்திருப்பாப்ல. அவரு சங்கதி நமக்குத் தெரியாதா?"

மொக்கைச்சாமி அந்தக் காரைத் திட்டாத மாதமில்லை. எடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார் என்று முத்துப்பாண்டியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அதையே கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒழுகுனாலும் ஒழுகுச்சு, ஒரு உசுரக் காப்பாத்திருச்சு தாயி."

பக்கத்துக் கடையில் டீ வாங்கிவந்து கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"எழிலு, அழாதடி. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அவுக மதுரைக்குப் போயிருக்காக. ஆமா, மெக்கானிக் அண்ணாச்சிதான் பஸ் ஏத்திவிட்டிருக்காரு. சாமி சத்தியமாடி. போயிச் சாப்புடு."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

"அவுக வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி. நான் முருகம்மா மதினிகிட்டப் போறேன். அவுகளுக்குப் பக்கத்துல ஆளு வேணும்."

"இரு தாயி, அந்தா மதுரை பஸ்ஸே வந்துருச்சு. புருசனப் பாத்துட்டே போ."

ரோட்டோரம் பஸ் நின்றது. இசைவாணி வாசலுக்கு ஓடினாள். இறங்கியது அவர்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் மகேஷ்குமார். இரண்டு தோளிலும் துணி மூட்டை. அவனுக்குப் பின்னால் யாராவது இறங்குவார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

நடந்தது எதுவும் தெரியாதவனாக மகேஷ்குமார் மூட்டைகளை இறக்கிவைத்தான். சட்டைப்பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மொக்கைச்சாமியிடம் நீட்டினான்.

"சீல் இதுதானான்னு பாருங்க அண்ணாச்சி. நாலு கடை ஏறி எறங்கிட்டேன்."

மொக்கைச்சாமி பொட்டலத்தை வாங்கவில்லை. "முத்துப்பாண்டி எங்கப்பா?" என்றார்.

"ஒரே பஸ்ஸுலதான் போனோம். அவசர லோடு, உடனே வரணும்னு போன் வந்துச்சு. அண்ணன் சீல் வாங்குறத எங்கிட்ட விட்டுட்டுப் பாதி வழியிலயே எறங்கி, கம்பெனி வேன்ல வேலைக்குப் போயிட்டாக!"