சகாயராணியின் குரல்

நாகர்கோவில் சகாயராணி தன் குரலை ஒரு மசாலா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. "சாப்ட்டியா மக்களே?" என்று அவள் கேட்கும் விதம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்தக் குரல் நாள் முழுவதும் எல்லாருடைய போனுக்கும் விளம்பர அழைப்பாகப் போகிறது. அதனால் எல்லாப் போன்களும் அதைத் தொல்லை அழைப்பு என்று தெரிந்துவைத்திருக்கின்றன.

சென்னை விடுதியில் இருக்கும் மகள் பிரின்சியின் போனும் அப்படித்தான். சகாயராணி "ஹலோ" என்றதுமே அது தானாகத் துண்டித்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டும் பேசிப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டது.

"நான் பேசினா எடுக்கும்லா?" என்றாள் பக்கத்து வீட்டு லில்லி. "என்ன சொல்லணும், சொல்லுங்க."

சகாயராணி வெகுநேரம் யோசித்தாள். "சாப்ட்டாளான்னு கேக்கணும்."

"இதுக்கா அக்கா மூக்கப் பிடிச்சிய?" லில்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வேண்டாம், விடு" என்று சகாயராணி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாலையில் பிரின்சி எழுதி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு விளம்பரம் எப்படியோ தப்பி வந்துட்டு. உன் சத்தம். நான் கட் பண்ணல. சாப்ட்டேன்மான்னு சொன்னேன். அது உடனே மீன் மசாலா வேணுமான்னு கேட்டுச்சு."

சகாயராணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "என்ன சாப்ட்ட மக்களே?" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தட்டும்போதே, யாருமில்லாத அறையில் அதைச் சத்தமாகவும் கேட்டாள்.