தாய்மாமன் டாரியஸ்

செண்பகவல்லிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மகனுக்குக் காது குத்த யார் மடியில் உட்கார வைப்பது என்று கோவில்பட்டி முழுக்கப் புலம்பித் தீர்த்தாள். புலம்பல் அமெரிக்கா வரை கேட்டுவிட்டது. தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால்காரர்கள், ரத்தத்தைச் சோதித்து ஊர் ஊராக உறவு தேடிய காலம் அது. நம் ஊர் ரத்தம் ஓடும் டாரியஸ், சீர்த் தாம்பாளங்களோடு வந்து இறங்கினான். கதவை அடைக்கும் தோள்! அவன் மடியில் பிள்ளைக்குக் காது குத்தியபோது செண்பகவல்லி பெருமையில் எங்களையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை.

பந்தி முடிந்ததும், அவனோடு வந்த ஃபுட்பால் சங்கத்துப் பெண் சிரித்தாள்.

"சீர் வாங்கிட்டீங்க. இனி இவன் மாமன் வீட்டுப் பிள்ளைதான்க்கா. எட்டு வயசு வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"அப்புறம்?"

"மாமன் ஊர்ல வந்து எங்களுக்கு ஃபுட்பால் விளையாடுவான்."

"ஏட்டி, அந்தத் தட்டையெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க!" செண்பகவல்லி தாம்பாளங்களை வாசல் பக்கம் தள்ளினாள்.

"மாமன் சீரை யாராச்சும் திருப்புவாங்களாக்கா?"

அன்றிலிருந்து பிள்ளைக்கு அரை வயிற்றுக்குத்தான் சோறு. வளராத பிள்ளையை விட்டுவிடுவார்களாம். தினமும் அவனைக் கதவோரம் நிறுத்தி, தோளைச் சாண் போட்டுப் பார்க்கிறாள்.

பாவிப் பயல், அப்படியும் வளர்கிறான்.