ரோசாப்பூ ஆருக்கு?

கனடாவின் ஒஷாவா நகர மண்டபத்தில் முதல் பாட்டு முடியமுன்னமே யோகராணி எழும்பிவிட்டார்.

"எனக்குத் தலையிடிக்குது. நான் வெளியில நிக்கிறன்."

மகள் சுகிர்தாவுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடையில் பாடிய வெள்ளைக்காரக் கிழவர், அறுபதுகளில் பத்துக் கோஷ்டிகளோடு ஒரே பஸ்ஸில் இங்கிலாந்தின் ஊர் ஊராகத் திரிந்து பாடியவராம். அவருக்கென்று அப்பா தயாபரன் மடியில் ரோசாப்பூங்கொத்து வைத்திருந்தார்.

"அம்மாவுக்கு ஒருநாளும் பூ வாங்கிக் குடுக்காதனீங்கள். உந்தக் கிழவனுக்கு ரோசாப்பூவோ அப்பா?"

"அம்பது வருசமா இவருக்கு நன்றி சொல்ல வேணுமெண்டு இருக்கிறன் பிள்ளை."

நிகழ்ச்சி முடிந்ததும் தயாபரன் மகளோடு மேடைக்குப் பின்னால் போய்ப் பூங்கொத்தை நீட்டினார். பாடகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் பாட்டை இன்னும் மறக்காத ரசிகரா!"

"இல்லை ஐயா," என்றார் தயாபரன் ஆங்கிலத்தில். "உங்கள் பாட்டை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்."

சுகிர்தா திடுக்கிட்டாள்.

"இங்கிலாந்தில், டொன்காஸ்ரர் தியேட்டரில் அன்றைக்கு நீங்கள் பாடத் தொடங்க, காது தாங்காமல் ஒரு தமிழ் நேர்ஸ் வெளியே ஓடிவந்தாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றவன் நான். உங்களுக்கு முதல் பாடியவர்கள் எல்லோரும் நன்றாகப் பாடிவிட்டார்களாம். நீங்கள் மட்டும் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே நடந்திராது."

பாடகர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த நேர்ஸ் இப்போது எங்கே?"

தயாபரன் வாசலைக் காட்டினார்.

"வெளியே நிற்கிறாள். இன்றைக்கும் உங்கள் முதல் பாட்டுத்தான் அனுப்பிவைத்தது."