முதல் அறுகு

தாய் வாத்து கத்திக் கூப்பிட்டது.

குஞ்சுகள் திரும்பவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்காபரோவில் அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குளம். ஜூன் மாதத்தில் அது காட்டு வாத்துகளின் ராச்சியம். அவை தெருவைக் கடந்தால் பஸ்ஸும் நின்றுதான் போகவேண்டும்.

புல்லில் ஒரு சோடி மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் குஞ்சுக் கூட்டம். அதில் இரண்டு மட்டும் சின்னவை, இன்னும் மஞ்சள் மாறாதவை. வேறொரு தாயின் குஞ்சுகள். எப்படியோ கலந்துவிட்டன. அந்தச் சோடி அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண் வாத்து கழுத்தை நிமிர்த்திக் காவல் நின்றது.

பெற்ற வாத்து கரையில் நின்று கத்தியது. கிட்டே வந்தால் ஆண் வாத்து சீறித் துரத்தியது.

"பாவம், அதின்ர குஞ்சுகள் போல" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

நாளை துவாரகனுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறாள்.

துவாரகன் இவள் பெற்ற பிள்ளை.

அக்கா வளர்த்த பிள்ளை.

அப்போது அவன் தவழத் தொடங்கியிருந்தான். பிள்ளையோடு வந்தால் வழியில் பிடிபடுவீர்கள் என்றான் கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். கெதியில் கூப்பிடுகிறேன் என்று அக்காவின் மடியில் வைத்துவிட்டு இவள் விமானம் ஏறினாள். கூப்பிட வழி வந்தபோது, அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று அவன் போனில் அழுதான். அம்மா என்றது அக்காவை.

படித்து முடித்த பிறகுதான் வந்தான். மரியாதையான பிள்ளை. இவளிடம் எதையும் கேட்டதில்லை, கோபித்ததும் இல்லை.

"ஏன் இதுகள் பறக்குதில்லை?"

"குஞ்சு வளர்ற காலத்தில தாய் தகப்பனுக்குச் சிறகு கொட்டிப்போகும் அக்கா. பறக்க ஏலாது."

"அப்ப குஞ்சு வளருமட்டும் ஒரு இடமும் போகாதுகள். நல்லது."

அக்கா வாத்தைத்தான் சொன்னாள். அக்காவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளை காலை மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைப்பார்கள். பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து ஆசீர்வதித்து, பிறகு முழுக வார்ப்பார்கள். முதல் அறுகு தாயும் தகப்பனும் சோடியாக வைப்பது. அத்தான் செத்த நாளிலிருந்து அக்கா எந்த நல்ல காரியத்திலும் முன்னுக்கு வருவதில்லை. ஊர் வழக்கம் அப்படி. இவளுக்குப் புருஷன் இருக்கிறார்.

இவளுக்கு அந்த முதல் அறுகு வேண்டும். ஒரு தரமாவது எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத் தாயாக நிற்கவேண்டும்.

அது அக்காவுக்கு உரியது என்பதும் தெரியும்.

வழக்கம் கிடக்கட்டும், நீ வை அக்கா.

அவ்வளவுதான் சொல்லவேண்டியது. அக்கா வந்திறங்கிய நாளிலிருந்து தொண்டையில் நிற்கிறது.

துவாரகன் கைபேசியைக் காதில் வைத்தபடி புல்லைக் கடந்து வந்தான்.

"முதல் அறுகு ஆர் வைக்கிறது எண்டு ஐயர் கேக்கிறார்."

கேட்டது இருவரிடமும். பார்த்தது அக்காவை.

இப்போது சொன்னால்தான் உண்டு. இவள் வாயைத் திறந்தாள். நாளைக்குக் கட்டவென்று எடுத்து வைத்த அரக்குச் சேலை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"பெத்தவை ரெண்டு பேரும் இருக்கேக்கை இதென்ன கேள்வி?" என்றாள் அக்கா. "அவை வைப்பினம் எண்டு சொல்லு."

அவன் சொல்லவில்லை. நின்றான்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ தரம் பார்த்துப் பழகிய பார்வை. இவள் அதை இன்றுதான் கண்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெத்தவைதான் ஐயா" என்றான் போனில்.

அம்மா சொன்னால் தட்டமாட்டான்.