முகப்புப் படம்

என் ஸ்டூடியோவுக்கு இணையதளம் செய்து கொடுத்த ஜெபராஜ், முதல் பக்கத்தில் சிரிக்கிற மணப்பெண்ணைப் போடச் சொன்னான். நான் என் அம்மாவைப் போட்டேன். இறந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி வைத்திருந்தார்கள். நானே எடுத்த படம்.

“அக்கா, சாவுப் படத்தப் பாத்துட்டு எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? தொறந்த வேகத்துல மூடிட்டு ஓடுறாங்க.”

“ஓடட்டும். என் கேமரா முன்னாடி பொய்யாச் சிரிக்காத ஒரே முகம் இதுதான்.”

“அந்தக் காசையாவது அழிச்சிடவா?”

“தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்.”

அந்த மாதம் ஓர் அழைப்புகூட வரவில்லை. ஜெபராஜ் அன்றாடம் பார்வையாளர் கணக்கைப் பார்த்து உச்சுக்கொட்டினான். யார் யாருடைய திரையிலோ அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“உங்க வெப்சைட்டப் பாத்தேன். தையில எனக்குக் கல்யாணம். நீங்கதான் படம் எடுக்கணும்.”

“வாழ்த்துகள்மா” என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“என்னச் சிரிக்கச் சொல்ல மாட்டீங்கல்ல?”