குரல் போன நடிகர்

"ஐயையோ, சார்! உங்க குரலுக்கு என்ன ஆச்சு?"

காது மூக்கு தொண்டை டாக்டரின் காத்திருப்பு அறையில் அத்தனை தலைகளும் திரும்பின. கேட்டவர் ஒரு தையற்காரம்மா. ஒரு காதில் பஞ்சு. தனக்குக் கேட்க வேண்டுமே என்று ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா" என்றுதான் நடிகர் சொல்லியிருந்தார். எண்ணெய் காணாத கதவு மாதிரி அது கிறீச்சிட்டு வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்ல..." என்று முனகினார்.

"கண்ணு பட்டுடுச்சு சார்! ரவுடியா வந்து 'வெளியே போடா'ன்னு ஒரு சத்தம் போட்டீங்களே, டிவில அதைக் கேட்டு எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அப்புறம் அந்தக் கிழட்டு ஜட்ஜ்... குரல்லயே நரை தெரிஞ்சுது! போன மாசம் வந்த படத்துல, பொண்ணைத் தொலைச்ச கண்டக்டர். 'பாப்பா'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டீங்க. எனக்குக் கைக்குட்டை பத்தல."

குரலை யாராவது புகழ்ந்தால் நடிகர் தரையைப் பார்ப்பது வழக்கம். இப்போதும் பார்த்தார்.

"மூஞ்சி ஒண்ணேதானேம்மா? ரவுடிக்கு மீசை ஒட்டினாங்க, ஜட்ஜுக்குக் கண்ணாடி மாட்டினாங்க, கண்டக்டருக்கு விசில் குடுத்தாங்க. என் பங்கு அவ்வளவுதான்."

"அடக்கத்தைப் பாரேன்!" அறையே உருகியது.

நடிகருக்குப் பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதரை அந்த அம்மா டிரைவர் என்றே முடிவுகட்டிவிட்டார். "சும்மா உட்கார்ந்திருக்கியேப்பா, சாருக்குச் சுடுதண்ணி கொண்டா!"

அவர் வாய் திறக்காமல் எழுந்தார். நடிகர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, நீங்க உட்காருங்கண்ணே!"

"வேலைக்காரங்களையும் அண்ணேங்கறார்!" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடிகர் டாக்டரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் படத்துக்கு நடித்து முடித்தாகிவிட்டது. குரல் பதிவு மட்டும்தான் பாக்கி. இந்த நேரம் பார்த்து இப்படி! குரல் திரும்பவே திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டால்?

நர்ஸ் கூப்பிட்டாள். நடிகர் ஒல்லி மனிதரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டரும் ரசிகர்தான். எழுந்தே நின்றுவிட்டார். "சார், உங்களுக்கா இப்படி! எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து, டாக்டர்" என்று கிறீச்சிட்ட நடிகர், ஒல்லி மனிதரை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார். "ரவுடி, ஜட்ஜ், கண்டக்டர் மூணு பேரும் இந்த அண்ணன் தொண்டையிலதான் இருக்காங்க. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."